குதிரை மருந்தும் கண்டல் காயங்களும்

தாதி வேலை எண்டால் ஊசி போடுற வேலை எண்டு நினைச்சுத்தான் நானும் சேர்ந்தன். சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, அது பாதி நாள் காத்திருக்கிற வேலை, மிச்சப் பாதி நாள் மற்றவையைக் காத்திருக்கச் சொல்லுற வேலை எண்டு. நீங்களும் ஒரு நாளெண்டாலும் ஆஸ்பத்திரி வாங்கில சுடுதண்ணிப் போத்தலும் கையுமாக் குந்தியிருந்து, போறவை வாறவையை எல்லாம் மறிச்சு "டொக்டர் என்ன சொன்னவர்?" எண்டு கேட்டிருப்பியள். அப்ப நாங்கள் சொந்தக்காரர்தான். உங்களைப் பார்த்து முகம் சுளிச்ச மிஸ்ஸிமாரில நானும் ஒருத்தியா இருந்திருப்பன். கோவிக்காதேங்கோ, அது கால் உளைவு.

நான் யாழ்ப்பாணத்தாள். சண்டைக் காலம் முழுக்கக் கண்டியில, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின்ர இரத்த வருத்த வார்ட்டில வேலை. அங்க தாதிமாரை எல்லாச் சனமும் மிஸ்ஸி எண்டுதான் கூப்பிடும். எத்தினையோ விதமான நோய் வருத்தம் பார்த்தன். ஆனால் என்னை நித்திரையில இப்பவும் எழுப்புறது ஒண்டுதான். எலும்புக்குள்ள இருக்கிற மச்சையிலதான் எங்களுக்கு இரத்தம் ஊறுது. சில பேருக்கு ஒரு காரணமும் தெரியாமல் அது வத்திப்போகும். கிணறு வத்தினால் இன்னொரு கிணறு வெட்டலாம். இதுக்கு என்ன செய்யிறது? அந்த வார்ட்டில கேட்ட கதைகளில கொஞ்சத்தைச் சொல்லுறன், கேளுங்கோ.

முறிவு நெரிவு எண்ணெய்

தேவராஜ் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெடியன். இருபது வயசு இருக்கும். பிலிமத்தலாவையில ஒரு புடவைக்கடையில வேலை. பொலிசுக்காரர் ஒரு சுத்திவளைப்பில இவனையும் பிடிச்சுக்கொண்டு போய், ஒரு நாள் வைச்சிருந்து விட்டவை. கொஞ்ச நாளால உடம்பெல்லாம் நீலம் நீலமாக் கண்டல். தாய் பாக்கியம் பார்த்த உடன, பொலிசு அடிச்சதுதான் எண்டு முடிவு கட்டிட்டா. "அடிக்கவே இல்லம்மா, தேத்தண்ணி குடுத்தாங்க, வாங்குல படுக்க விட்டாங்க" எண்டு பெடியன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியும் ஒருத்தரும் நம்பேல்லை. ஏன், நீங்கள் நம்பியிருப்பியளோ? பொலிசில தேத்தண்ணி குடுத்தவை எண்டு அந்த நாளையில ஒரு தமிழ்ப் பெடியன் சொன்னால் நான் கூட நம்பியிருக்க மாட்டன். பயத்தில மறைக்கிறான் எண்டு லயத்து வீட்டுச் சனமெல்லாம் கூடி அழுதிருக்கு. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனால் கேள்வி வரும், திரும்பப் பொலிசு வரும் எண்டு ஆளை வீட்டுக்குள்ள ஒளிச்சு வைச்சு, முறிவு நெரிவு வைத்தியரிட்ட எண்ணெய் வாங்கிக் காலமையும் பின்னேரமும் நல்லா அமத்தித் தேய்ச்சிருக்கினம். தேய்க்கத் தேய்க்கக் கண்டல் கூடினது. கூடக்கூட இன்னும் அமத்தித் தேய்ச்சவை.

மூக்கால ஓடின இரத்தம் நிக்காமல் விட்ட பிறகுதான் எங்களிட்டக் கொண்டுவந்தவை. முகத்தில ஒரு சொட்டு இரத்தமில்லை. எண்ணெய் மணம் வார்ட்டின்ர அந்தத் தொங்கல் மட்டும் அடிச்சுது. இடுப்பெலும்பில மச்சை எடுத்துப் பார்த்தால் உள்ளுக்கு வெறும் கொழுப்புத்தான். இரத்தத்தை உறைய வைக்கிற சின்னக் கலங்கள் இல்லாததால விரல் பட்ட இடமெல்லாம் கண்டிப்போயிருந்தது. நான் தாயை வெளி வாங்கில இருத்தி, "அம்மா, இவனை ஒருத்தரும் அடிக்கேல்லை. இது வருத்தம்" எண்டு சொன்னன். அவ தன்ர உள்ளங்கையில ஒட்டியிருந்த எண்ணெயைச் சேலையில துடைச்சா. பிறகு சொன்னா:

"அடிச்சவன் கை அழுகிப் போகணும்னு மாரியம்மன் கோயில்ல தேங்கா ஒடச்சு சாபம் போட்டுட்டு வந்தேனுங்க மிஸ்ஸி. இப்ப யாரு கைய அழுகச் சொல்றது?"

எல்லாருக்கும் வாற பகிடி

எங்கட பெரிய டொக்டர் சிங்களவர், தங்கமான மனுசன். தமிழ் ஆக்களுக்கு விளங்கப்படுத்த வேணுமெண்டால் என்னைப் பக்கத்தில வைச்சுக்கொள்ளுவார். அவர் சொல்லுறது எப்பவும் ஒண்டுதான். உடம்பைக் காவல் காக்க உள்ளுக்கு ஒரு படை இருக்குது. அந்தப் படை ஆரையோ எதிரி எண்டு பிழையா நினைச்சுச் சொந்த மச்சையையே போட்டு அடிக்குது. மருந்து குடுத்து அந்தப் படையை அமத்திப்போட்டால் மச்சை திரும்ப முளைக்கும். மாதக் கணக்கில காத்திருக்க வேணும். முளைக்காமல் விட்டாலும் விடும்.

நான் இதைத் தமிழில சொல்லி முடிக்க முதலே கேக்கிற ஆளின்ர வாயில ஒரு சிரிப்பு வந்திடும். "அப்ப எங்கட நாடு மாதிரி எண்டு சொல்லுங்கோ!" தமிழரும் அதைத்தான் சொல்லுவினம், சிங்களவரும் அதைத்தான், முஸ்லிம் ஆக்களும் அதைத்தான். உலகத்தில தாங்கள்தான் முதல் முதலாக் கண்டுபிடிச்ச பகிடி மாதிரி ஒவ்வொருத்தரும் சொல்லுவினம். எந்தப் படை, ஆரை அடிக்குது எண்டு மட்டும் நாங்கள் கேக்கிறேல்லை. கேட்டால் வார்ட்டுக்குள்ளேயே சண்டை வந்திடும். டொக்டரும் பாவம், ஒவ்வொரு தரமும் புதுசாக் கேக்கிற மாதிரிச் சிரிப்பார். தேவராஜ் மட்டும் சிரிக்கேல்லை. என்னட்ட ஒண்டு கேட்டான். அதைச் சிங்களத்தில சொன்ன உடன டொக்டரின்ர சிரிப்பும் நிண்டுபோச்சு.

"படைய அமத்திட்டா சரிங்க மிஸ்ஸி. அதுக்கப்புறம் ஒரு காய்ச்சல் கீய்ச்சல் வந்தா, வாசல்ல யாரு நிப்பா?"

குதிரைக்கு ஒரு கும்பிடு

படையை அமத்திற அந்த மருந்து குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறது. விலையைக் கேட்டால் தலை சுத்தும். ஆஸ்பத்திரிக்கு எப்பவாவதுதான் வரும், வந்தாலும் ஒரு ஆளுக்குத்தான் காணும். அந்த முறை வந்தது சோதிநாதன் மாஸ்டருக்கு. யாழ்ப்பாணத்தில கணக்குப் படிப்பிச்சு இளைப்பாறின ஆள். கண்டியில மகள் வீட்டை வந்து நிக்கேக்க இந்த வருத்தம் பிடிச்சிட்டுது. முட்டை கூடத் தொடாத சைவக்காரர். குதிரை எண்டு கேட்ட உடன எழும்பிக் குந்திட்டார்.

"பிள்ளை, குதிரையைக் கொல்லுறவையோ?"

"இல்லை மாஸ்டர், ஊசி குத்தி இரத்தம் மட்டும்தான் எடுக்கிறது. உங்களிட்ட நாங்கள் எடுக்கிறம்தானே, அது மாதிரி."

"அப்ப அதுக்கும் நோகும்" எண்டார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, எந்தத் தேசத்திலயோ நிக்கிற அந்தக் குதிரையைக் கும்பிட்டுப்போட்டுத்தான் கையை நீட்டினார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

மருந்து ஏறத் தொடங்கினால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், அது நாங்கள் அறிஞ்சதுதான். ஆனால் மாஸ்டரை அது போட்டு உலுப்பின உலுப்பில கட்டில் சுவரில இடிபட்டுது. கம்பளி போட்டு, ஊசி போட்டு, நானும் இன்னொருத்தியும் காலில ஏறி இருக்காத குறை. அவரின்ர மகள் வெளியில நிண்டு அழுறா. அவருக்குப் பல்லுக் கிடுகிடுக்குது, அதுக்குள்ளயும் என்னைப் பார்த்துச் சொல்லுறார்:

"பயப்பிடாதையுங்கோ பிள்ளை, குதிரை ஓடுது. நான் கடிவாளத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடக்கிறன்."

சாமி அலுமாரி

தேவராஜ் கேட்டது சரியான கேள்விதான். படை அமந்த பிறகு வாசலில காவலில்லை. ஒரு தூசு, ஒரு பூஞ்சணம், கழுவாத ஒரு கொய்யாப்பழம் போதும் ஆளைக் கொண்டுபோக. அதாலதான் கண்ணாடி போட்ட தனி அறை. மாஸ்டரும் அதுக்குள்ள, மருந்துக்குக் காத்திருந்த தேவராஜும் அதுக்குள்ள. பூ கூடாது, பச்சையா ஒண்டும் கூடாது, நோயாளியைப் பார்க்க எண்டு எல்லாரும் தூக்கிக்கொண்டு வாற செவ்விளநீர் கூடாது. இதெல்லாம் சொல்லி விளங்கப்படுத்தலாம். சாமியின்ர சாமான் கூடாது எண்டு என்னண்டு சொல்லுறது? திருநீறு வரும், கதிர்காமத்துத் தீர்த்தம் வரும், விகாரையில ஓதின பிரித் தண்ணியும் நூலும் வரும், மக்காவில இருந்து ஸம்ஸம் தண்ணி வரும், மாதா சுரூபம் வரும். தீர்த்தத்தை எங்களுக்குத் தெரியாமல் பால்மாவுக்குள்ள கலந்து பருக்கப் பார்த்த தாய்மாரும் இருந்தவை. அவையை நான் ஏசியிருக்கிறன். ஏசிப்போட்டுக் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதும் இருக்கிறன்.

எங்களுக்கு மேல இருந்தவ ஒரு சிங்கள மனுசி. லொக்கு மிஸ்ஸி எண்டு கூப்பிடுவம், பெரிய மிஸ்ஸி எண்டு அர்த்தம். பௌர்ணமிப் போயாவுக்குப் போயா விரதமிருந்து விகாரைக்குப் போறவ. அவவுக்கும் அதுகளை எறிய மனம் வரேல்லை. ஸ்டோருக்குள்ள கிடந்த ஒரு கண்ணாடி அலுமாரியை இழுப்பிச்சு, அறைக்கு வெளியில, படுத்திருக்கிறவையின்ர கண்ணுக்கு நேர வைப்பிச்சா. வாற சாமி எல்லாம் அதுக்குள்ள. கண்ணாடிக்கு உள்ளால பார்த்துக் கும்பிடலாம், தொட ஏலாது. திறப்பு லொக்கு மிஸ்ஸியின்ர இடுப்பில. பாக்கியம் தான் கொண்டுவந்த மாரியம்மன் திருநீற்றுப் பொட்டலத்தை, ஸம்ஸம் போத்தலுக்கும் பிரித் நூலுக்கும் நடுவில வைச்சா. லொக்கு மிஸ்ஸி பூட்டினதைப் பார்த்துக்கொண்டு நிண்டவ மெல்ல என்னட்டக் கேட்டா:

"எல்லாச் சாமியையும் ஒண்ணாப் போட்டுப் பூட்டிட்டீங்களே மிஸ்ஸி, ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்காம இருக்குங்களா?"

ஐஸ் பெட்டி

அந்த ஸம்ஸம் போத்தல் ஸக்கியாவுக்கு வந்தது. பெண்கள் பக்கத்துக் கண்ணாடி அறையில இருந்தவ, அவவுக்கும் இதே வருத்தம். புருசன் ஹம்ஸா நானாவுக்கு மடவளையில பழ யாவாரம். கடை நிறையப் பழம், பெண்சாதிக்கு ஒரு முந்திரிகைப்பழம் குடுக்க ஏலாது. ஒவ்வொரு நாளும் வந்து கண்ணாடிக்கு வெளியில கதிரை போட்டு இருந்து, கையால சைகை காட்டிக் கதைச்சுப்போட்டுப் போவார். ஆஸ்பத்திரிக்கு மருந்து வரும் வரும் எண்டு பார்த்தார், வரேல்லை. கடைசியில யாவாரத்தில கிடந்ததை எல்லாம் திரட்டி, கொழும்பில ஒரு இடத்தில சொல்லி எடுப்பிச்சு, தானே பழம் ஏத்துற வானை எடுத்துக்கொண்டு போய் ஐஸ் பெட்டியில வைச்சுக் கொண்டு வெளிக்கிட்டார்.

அண்டைக்கெண்டு கொழும்புப் பக்கம் எங்கயோ குண்டு வெடிச்சு, ஊரடங்கு. வழியில ஒவ்வொரு சோதனைச் சாவடியிலயும் மறிச்சுப் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கினம். "குதிரை மருந்து" எண்டு இவர் சொல்ல, அவைக்குச் சந்தேகம் இன்னும் கூடினது. திறக்கத் திறக்க ஐஸ் கரையும். மீன் கடைக்காரரிட்டக் கெஞ்சி ஐஸ் வாங்கிப் போட்டுப் போட்டு, ஊரடங்கு எடுக்கும் வரைக்கும் வானுக்குள்ளயே கிடந்து, அடுத்த நாள் காலமை பெட்டியைக் கட்டிப்பிடிச்சபடி வார்ட்டுக்குள்ள வந்தார். ஸக்கியாவுக்கு விடியக்காலமையே மூளைக்குள்ள இரத்தம் கசிஞ்சு எல்லாம் முடிஞ்சு போச்சு. அவர் கண்ணாடியைப் பார்த்தார், விரிப்பு உரிச்ச கட்டிலைப் பார்த்தார், பெட்டியை மெல்லக் கதிரையில வைச்சார். அந்த மனுசன் அப்ப நிண்ட நிலையை என்னால இண்டைக்கும் மறக்க முடியேல்லை.

அண்டைக்கே அடக்கம். அது முடிஞ்சு பின்னேரம் திரும்பி வந்தார், காலில மையவாடி மண். லொக்கு மிஸ்ஸி அலுமாரியைத் திறந்து ஸம்ஸம் போத்தலை எடுத்துக் குடுக்கப் போக, "அது இருக்கட்டும்" எண்டிட்டார். வெறும் பெட்டி அந்தக் கதிரையிலதான் கிடந்தது, மருந்தை நான் முதலே எடுத்துக் குளிர்பெட்டியில பத்திரமா வைச்சிருந்தன். மற்ற அறையில கிடக்கிற தோட்டத்துப் பெடியனுக்கு இதை ஏத்தலாமோ எண்டு அவரே கேட்டார். டொக்டர் வந்து, "நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா?" எண்டு ரெண்டு தரம் கேட்டார். நானா என்னைப் பார்த்துத்தான் மறுமொழி சொன்னார்:

"கடைக்கே திருப்பிக் குடுக்கலாம்னு சொல்றாங்க மிஸ்ஸி. ஸக்கியாவுக்குன்னு கொண்டாந்தது, ஒரு உசிருக்குள்ள ஓடட்டும். தாமதிக்காம ஏத்துங்க."

ரெண்டு கேள்வி

தேவராஜுக்கு மருந்து ஏறினது. நடுக்கம் வரேக்க மாஸ்டர் பக்கத்துக் கட்டிலில இருந்து "விடாதை, கடிவாளத்தைப் பிடி" எண்டு கத்தினார். பிறகு ரெண்டு பேரும் காத்திருந்தவை. நாங்களும் காத்திருந்தம்.

மாஸ்டருக்கு மச்சை முளைக்கேல்லை. காலமை நான் அறைக்குள்ள போன உடன அவர் ரெண்டு கேள்வி கேப்பார். "எண்ணிக்கை ஏறிட்டுதோ? பாதை திறந்திட்டினமோ?" எண்ணிக்கை எண்டது இரத்தக் கலங்களின்ர கணக்கு; யாழ்ப்பாணப் பாதை சண்டையால அப்ப பூட்டு. சாகிறதெண்டால் தன்ர வீட்டு முற்றத்தில சாக வேணும் எண்டு மனுசனுக்கு ஆசை. ரெண்டுக்கும் நான் இல்லை எண்டு தலையாட்டுவன். நெஞ்சில பூஞ்சணம் பிடிச்சு, மூச்சு இழுக்கத் தொடங்கின கடைசி நாள் ஒரு கேள்விதான் கேட்டார். "பாதை திறந்திட்டினமோ பிள்ளை?" எனக்கு என்ன வந்ததோ தெரியாது, "ஓம் மாஸ்டர், திறந்திட்டினம்" எண்டிட்டன். அவரின்ர முகம் மலர்ந்த மலர்ச்சியைக் காண வேணும். எனக்கும் வீடு அங்கதான், அம்மாவைப் பார்த்து வருசக்கணக்கு எண்டது அவருக்குத் தெரியும். என்ர கையைத் தட்டிச் சொன்னார்:

"அப்ப என்னைப் பார்த்துக்கொண்டு நில்லாமல், நீங்களும் ஒருக்கா வீட்டை போயிட்டு வாங்கோ பிள்ளை."

ஆள் மாறின முகம்

மாஸ்டர் போய்க் கொஞ்சக் காலத்தால, ஒரு நாள் டொக்டர் கையை வீசிக்கொண்டு வந்தார். எப்பவும் தலையைக் குனிஞ்சு வாற மனுசன். தேவராஜுக்கு மச்சை முளைச்சிட்டுது! வெள்ளைக் கலங்கள் ஏறுது, உறைய வைக்கிற கலங்களும் ஏறுது. லொக்கு மிஸ்ஸி அலுமாரியைத் திறந்து, உள்ளுக்கிருந்த எல்லாச் சாமிக்கும் ஒரு பெரிய கும்பிடு போட்டா. பாக்கியம் நிலத்தில விழுந்து டொக்டரின்ர காலைப் பிடிக்க, அவர் பயந்து கதிரையில ஏறப் பார்த்தார். ஹம்ஸா நானாவுக்கு ஆள் அனுப்பினம். வந்து கண்ணாடியால பார்த்துப்போட்டு, பெடியன் கும்பிட்ட உடன திரும்பி நிண்டு கண்ணைத் துடைச்சார்.

பெடியனை வீட்டை போக விட்டாலும் அந்தப் படையை அமத்தி வைக்கக் கனகாலம் காலமையும் பின்னேரமும் குளிசை விழுங்க வேணும். பெரிய மெத்தென்ற குளிசை. உறையை உரிச்சால் ஒரு வீச்சம், வயித்தைப் பிரட்டும். அதோட முகம் ஊதும், பல் முரசு தடிக்கும், நெத்தி, கன்னம் எல்லாம் மயிர் முளைக்கும். ஒடுங்கின முகத்துப் பெடியன், கிளினிக்குக்கு வரேக்க வட்ட முகமும் அடர்ந்த புருவமுமா வேற ஆளா வந்தான். நாங்கள் பகிடி பண்ணினம். டொக்டருக்கு மட்டும் ஒரு யோசனை. "இவனுடைய அடையாள அட்டையில இருக்கிறது பழைய முகமல்லவா?" எண்டார். சோதனைச் சாவடியில காட்ட, நோயைப் பற்றி இங்கிலீசில ஒரு துண்டு எழுதி, லொக்கு மிஸ்ஸியைக் கொண்டு சிங்களத்திலயும் எழுதுவிச்சுக் கையில குடுத்து விட்டார். தேவராஜ் அதை மடிச்சுச் சட்டைப் பையில வைச்சுப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு சொன்னான்:

"அன்னைக்கு எங்கம்மாவே வாசல்ல நின்னு யாருப்பா வேணும்னு கேட்டுச்சு மிஸ்ஸி. ஆமிக்காரன் கேட்டா என்ன பெரிய தப்பு?"

எண்ணெய் தேய்க்காத முதுகு

பிறகொரு முறை அவன் கிளினிக்குக்கு வரேல்லை. அடுத்த முறையும் வரேல்லை. சில பேர் சுகம் வந்த உடன எங்களை மறந்திடுவினம், அது எங்களுக்குச் சந்தோசம்தான், ஆனால் இவன் மறக்கிறவன் இல்லை. ஒரு நாள் காலமை பாக்கியம் அவனைத் தோளில சாய்ச்சு இழுத்துக்கொண்டு வந்தா. சட்டையைத் தூக்கினன். முதுகு, தொடை, கை எல்லாம் கண்டல். மருந்தை நிப்பாட்டினால் வருத்தம் திரும்பும் எண்டு எங்களுக்குத் தெரியும். "குளிசை போட்டனியோ?" எண்டு கேட்டன். இல்லை எண்டு தலையாட்டினான். ஏன் எண்டு கேட்டன், சுவரைப் பார்த்தான். தேத்தண்ணி குடுத்தவை எண்டு முந்தி வாய் ஓயாமல் சொன்ன பெடியன், இந்த முறை வாயே திறக்கேல்லை.

பாக்கியம் என்ர கையைப் பிடிச்சு, "எண்ணெ தேய்க்கலைங்க மிஸ்ஸி. இந்தத் தடவ தொடக்கூட இல்ல. பார்த்த ஒடனேயே நேரா ஒங்ககிட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னா. ஒரு பாடத்தை ஒருக்காப் படிச்சு மறக்காமல் வைச்சிருந்த மனுசி. நான் இரத்தம் எடுத்து அனுப்பிப்போட்டு, கண்ணாடி அறையில ஒரு கட்டிலுக்கு விரிப்பு விரிச்சன். விரிக்கேக்க எனக்கு மாஸ்டரின்ர ஞாபகம். இனி இன்னொரு ஐஸ் பெட்டிக்கு எங்க போறது எண்டு லொக்கு மிஸ்ஸியும் தலையில கை வைச்சுக்கொண்டு இருந்தா. தாய் வெளி வாங்கில, அலுமாரியைப் பார்த்தபடி, வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு.

டொக்டர் இரத்தத்தின்ர முடிவோட வந்தார். முகம் ஒரு மாதிரி. எல்லாக் கலமும் இருக்க வேண்டிய அளவில இருக்குது எண்டார். உறைய வைக்கிற கலமும் நல்லா இருக்குது. அவர் தேவராஜைக் கிட்டக் கூப்பிட்டு, முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நானும் அப்பதான் வடிவாப் பார்த்தன். கண்டல் எல்லாம் நேர் கோடு நேர் கோடாக் கிடந்தது. சாவடியில மறிச்சவையாம், அட்டையில இருக்கிற முகம் இது இல்லை எண்டவையாம், துண்டை வாசிக்க முதலே கிழிச்சுப் போட்டவையாம். குளிசையின்ர மணத்துக்கு அது என்னவோ எண்டு சந்தேகப்பட்டுப் பறிச்சுக்கொண்டு, கேள்விக்கு மேல கேள்வி கேட்டவையாம். இதெல்லாம் பேந்து, கனநாளைக்குப் பிறகு, துண்டு துண்டாச் சொன்னான். அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. டொக்டர் அவன்ர சட்டையைத் தானே இறக்கிவிட்டுப்போட்டு, "தாயிடம் நீங்களே சொல்லுங்கள்" எண்டு சொல்லி என்ர முகத்தைப் பார்க்காமல் போயிட்டார்.

நான் வாங்கடிக்குப் போனன். முந்தி இதே வாங்கில இதே மனுசிக்குச் சொன்னதை இப்ப மாத்திச் சொல்ல வேணும். "அம்மா, இரத்தம் நல்லா இருக்கு. இது வருத்தமில்லை. இவனை ஆரோ அடிச்சிருக்கினம்" எண்டன். தலையில அடிச்சுக் குழறப்போறா எண்டு அவவைப் பிடிக்கக் கையை நீட்டினன். அவ எழும்பினா. சாமி அலுமாரிக்கு முன்னால போய் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டா. கண்ணால பொலபொலவெண்டு ஓடுது, முகமெல்லாம் சிரிப்பு.

"அடிதானுங்களா மிஸ்ஸி? சீக்கு திரும்பலையா? ஆத்தா, மாரியாத்தா... அடிச்சவன் நல்லா இருக்கட்டும்!"

இத்தினை வருசம் இரத்தத்தோட மாரடிச்சும், அந்தக் காலத்துக் கண்டல் ஒண்டைப் பார்த்து அது உள்ளுக்கிருந்து வந்ததோ வெளியில இருந்து வந்ததோ எண்டு சொல்ல மட்டும் நான் கடைசி வரைக்கும் பழகேல்லை.